மின்வெட்டுக்கு நடுவே போஸ்ட்கிரெஸ்: எதைத் தளர்த்தலாம், எதைத் தொடக்கூடாது

2007-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அவ்வப்போது சுழற்சி மின்வெட்டைச் சந்தித்துள்ள தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலோ சங்கமோ சொந்த சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் கணக்கு வைத்திருந்தால், வேகம் போதவில்லை என்பதற்காக எழுதியது வட்டில் பதிவதை உறுதிசெய்யும் எஃப்சிங்க் அமைப்பை அணைக்கவே கூடாது. அதை அணைத்தால் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் லாக் கோப்பும் (வால்) தரவுப் பக்கங்களும் எந்த வரிசையில் வட்டுக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாமல் போகிறது. அந்நிலையில் மின்சாரம் நின்றால் தரவுத்தளம் முழுவதுமே சிதையலாம். பேக்கப் ஒன்றே கதி.

வேகம் வேண்டுமென்றால் பரிவர்த்தனை முடிந்தது என்று சொல்லும் முன் லாக் வட்டில் பதியக் காத்திருக்கும் சிங்க்ரனஸ் கமிட்டைத் தளர்த்துங்கள். இதில் இழக்கக்கூடியது கடைசி நேரத்துப் பரிவர்த்தனைகள் மட்டுமே: லாக்கை வட்டுக்கு அனுப்பும் வால் ரைட்டரின் இடைவெளி இயல்பாக 200 மில்லிவிநாடி, இழப்பு அதிகபட்சம் அதன் மூன்று மடங்கு, எஞ்சிய தரவு ஒழுங்காகவே இருக்கும். அதையும் சர்வர் முழுவதற்கும் தளர்த்த வேண்டியதில்லை, செட் லோக்கல் கட்டளையால் ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் தளர்த்தலாம். இணையதளத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு அது போதும். தைப்பூசக் காவடி நாளில் கவுன்டரில் அச்சாகும் காணிக்கை ரசீதுக்கு அது கூடவே கூடாது; பக்தர் கையில் தாள் இருக்க, கணக்கில் அந்த வரி இல்லாமற்போவதை எந்தக் கணக்காளராலும் விளக்க முடியாது.

முழுப் பக்கத்தையும் லாக்கில் எழுதிவைக்கும் ஃபுல் பேஜ் ரைட்ஸையும் அப்படியே விடுங்கள். தரவுப் பக்கம் 8 கிலோபைட். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் கிழிந்த பக்கத்தை மீட்பது இந்த அமைப்புதான்.

பலரும் பார்க்கத் தவறுவது வட்டைத்தான் என்பது என் கருத்து. மின்சாரம் போனாலும் எழுதி முடிக்க உதவும் மின்தேக்கிப் பாதுகாப்பு இல்லாத மலிவான எஸ்எஸ்டி, கேஷ் எனும் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டே எழுதியாயிற்று என்று சொல்லிவிடக்கூடும். சுழலும் வட்டை பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் கருவியால் சோதியுங்கள்: நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வட்டு விநாடிக்குச் சுமார் 120 பதிவுகளுக்கு மேல் காட்டினால், இடையில் ஏதோ ஒரு கேஷ் பதில் சொல்கிறது. எஸ்எஸ்டியை, உண்மைத் தரவு ஏற்றும் முன்பே, எழுதிக்கொண்டிருக்கையில் பிளக்கைப் பிடுங்கித்தான் சோதிக்க வேண்டும்.

யூபிஎஸ் இருந்தாலும், நீண்ட வெட்டில் பேட்டரி தீரும் முன்பே சர்வர் தானாக முறைப்படி அணையும்படி அமையுங்கள். பக்கங்கள் சிதைந்தனவா என்று சரிபார்க்கும் செக்சம், போஸ்ட்கிரெஸ் 18-ஆம் பதிப்பில் புதிதாக உருவாக்கும் தரவுத்தளத்தில் இயல்பாகவே இயங்குகிறது. 12 முதல் 17 வரையானவற்றில் சர்வரை நிறுத்தி, பிஜி செக்சம்ஸ் கருவியால் இயக்கலாம். அது சிதைவைக் கண்டுபிடிக்கும், சரிசெய்யாது; ஆகவே பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பார்ப்பதை மாதாந்தர வேலைகளில் சேர்த்துவிடுங்கள்.