ஓடும்போது அணைந்துபோகும் பழைய கார்: கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

வழியில் பத்து நிமிடம் அடம் பிடித்த வண்டி, மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் சமர்த்தாகிவிடும். பழைய காரில் இதைவிட எரிச்சலூட்டும் கோளாறு கிடையாது. கோளாறு ஒளிந்திருக்கும் நேரத்தில் எதைச் சோதித்தாலும் எல்லாம் சரியாகவே தெரியும். அது தலைகாட்டும் அந்தச் சில நிமிடங்களில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தேவையானவை ஒரு மல்டிமீட்டர், டார்ச், அரை மீட்டர் ரப்பர் குழாய். இங்கே சொல்வது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு.

வண்டி ஓடும்போது அணைந்தால், பிரேக் பூஸ்டரில் (பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பாகம்) ஓரிரு மிதிகளுக்கு மட்டுமே உதவி மிச்சமிருக்கும். பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள்; ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

படி 1: அணைந்த விதத்தை எழுதி வையுங்கள்

இன்ஜின் சூடா, குளிரா? சிக்னலில் நின்றபோதா, மேடு ஏறியபோதா? மழை பெய்ததா? டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? முக்கியமான கேள்வி, எப்படி அணைந்தது என்பது. சுவிட்சைத் தட்டியதுபோல் சட்டென்று அணைந்தால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. உதறி, இழுவை குறைந்து, திணறி அணைந்தால் பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

படி 2: செல்ஃப் சுற்றுகிறதா?

சுற்றவில்லை என்றால் காதைக் கொடுங்கள். ‘டக் டக் டக்’ என்று வரிசையாகச் சத்தம் வந்தால் பேட்டரியில் பலமில்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ என்றால் செல்ஃப் மோட்டார்மீது சந்தேகம். சத்தமே இல்லையென்றால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு பெட்டி), கிளட்ச் சுவிட்ச் என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியானால் நியூட்ரலில் போட்டு ஒருமுறை முயன்று பாருங்கள்.

டெர்மினலைக் கையால் திருகுங்கள். இம்மியளவு அசைந்தாலும் அது தளர்வுதான். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

பலர் மறப்பது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் கம்பி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றை இன்ஜின் உலோகத்திலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. புதுப் பேட்டரி வாங்கியும் இந்தக் கோளாறு தீராது.

படி 3: சுற்றுகிறது, பற்றவில்லை

சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பல கார்களில் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி ‘ம்ம்’ என்று பெட்ரோல் பம்ப் முனகும். வழக்கமாக முனகும் வண்டி அன்று மௌனமாக இருந்தால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே எண் கொண்டவையாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். காசில்லாத சோதனை.

அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் அது இலேசாகத் துடிக்கும். துடிக்கும் முள் அன்று பூஜ்யத்திலேயே கிடந்தால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் உணரி) சிக்னல் தரவில்லை என்று சந்தேகிக்கலாம். சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்பெறுவது இந்தச் சென்சாருக்கு வழக்கம். அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் வண்டி ஓடினால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான். அடுத்தது, ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டைத் தரும் இக்னிஷன் காயில். காரின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0335 (P0335) என்று வந்தால் இந்தச் சென்சாரின் சுற்றில் கோளாறு. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதற்காக ஸ்கேனரைத் தவிர்க்காதீர்கள். விளக்கை எரியவிடாத நிலுவைக் குறியீடு (pending code) பதிவாகி இருக்கக்கூடும்.

ஸ்பார்க் பார்க்க அதற்கான டெஸ்டரை மட்டும் பயன்படுத்துங்கள். பிளக் வயரைக் கையில் பிடிக்க வேண்டாம்; அதில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட்.

படி 4: ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) மட்டும் அணைகிறதா?

இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கும், அல்லது எங்கோ காற்று கசியும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை வேக்குவம் குழாய்களின் இணைப்புகளருகே மெல்ல நகர்த்துங்கள். கசிவு இருக்கும் இடத்தில் ‘ஸ்ஸ்’ சத்தம் பளிச்சென்று கூடும். ஃபேனும் பெல்ட்டும் ஓடுவதால் சட்டைக் கையும் தலைமுடியும் பத்திரம்.

அப்படியே ஐடிலிங்கில் விட்டு, சாவியையும் வயர்க் கட்டுகளையும் ஒவ்வொன்றாக அசையுங்கள். எதைத் தொட்டபோது இன்ஜின் தடுமாறுகிறதோ, அங்கே நிறுத்தி இணைப்பைக் கழற்றிப் பாருங்கள்.

படி 5: வேகத்திலும் ஏற்றத்திலும் திணறினால்

பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் களைத்திருக்கலாம். அணைந்த உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று ‘புஸ்’ என்று உள்ளே இழுபட்டு, வண்டியும் உடனே கிளம்பினால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது.

எதை மாற்றினாலும், படி 1-ல் எழுதிய அதே சூட்டில், அதே வேகத்தில், டேங்கில் அதே அளவு பெட்ரோலுடன் ஓட்டிப் பாருங்கள். மீண்டும் அணைந்தால், மாற்றிய பாகத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.