டேக்வாண்டோ ஸ்பாரிங்: முதல் ரவுண்டை எப்படி ஆடுவது?

முதல் போட்டிக்குப் போகிற எல்லோருக்கும் யாராவது ஒரு சீனியர் இதைச் சொல்லியிருப்பார்: "முதல் ரவுண்டுல சும்மா பாரு, ரெண்டாவதுல அடி." எனக்கும் சொன்னார்கள். நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் இரண்டு நிமிடமும் போய், ரவுண்டும் போய்விட்டது.

அந்த அறிவுரை தப்பில்லை, பழசாகிவிட்டது, அவ்வளவுதான். முன்பு மூன்று ரவுண்டு பாயின்டையும் மொத்தமாகக் கூட்டுவார்கள். முதலில் கொஞ்சம் பின்தங்கினாலும் கடைசி ரவுண்டில் தலைக்கு ஒரு கிக் போட்டுச் சரிக்கட்டிவிடலாம். 2022-இல் வேர்ல்ட் டேக்வாண்டோ (இந்த விளையாட்டின் உலக அமைப்பு) விதி மாறிய பிறகு ஒவ்வொரு ரவுண்டும் தனிக்கணக்கு, மூன்றில் இரண்டை எடுப்பவர் ஜெயிப்பார். முதல் ரவுண்டை 2-0 என்று விட்டாலும் 9-0 என்று விட்டாலும் ஒன்றுதான், அடுத்தது பூஜ்ஜியத்தில்தான் ஆரம்பிக்கும், ஆனால் அதற்கப்புறம் ஒன்றைக்கூட விட முடியாது. அதனால் இப்போது பார்க்கிற வேலையை முதல் 20, 30 விநாடிக்குள் முடித்துக்கொண்டு, மிச்ச ஒன்றரை நிமிடத்தில் ரவுண்டை எடுக்கப் பார்க்க வேண்டும். (ரவுண்டுக்கு 2 நிமிடம், நடுவில் 1 நிமிட ஓய்வு என்பது வழக்கமான கணக்கு. சிறுவர் போட்டிகளில் குறைப்பதுண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.)

பாயின்ட் கணக்கை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உடம்புக்குக் குத்து 1, உடம்புக்குக் கிக் 2, தலைக்குக் கிக் 3. சுழன்று அடித்தால் உடம்புக்கு 4, தலைக்கு 5. நீங்கள் வாங்குகிற ஒவ்வொரு காம்ஜியோமும் (விதியை மீறினால் நடுவர் தருகிற தண்டனை) எதிராளிக்கு 1 பாயின்ட்.

மேட்டில் (ஆடுகிற விரிப்பில்) ஏறுவதற்கு முன்

ரவுண்டின் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். வார்ம்-அப் என்றதும் நிறைய பேர் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. பேடில் வேகமாக இருபது முப்பது கிக் அடித்து ஒருமுறை நன்றாக மூச்சு வாங்கிவிட வேண்டும், அப்புறம் ஆற வேண்டும். அந்த முதல் மூச்சிரைப்பு மேட்டின் மேல் வந்தால் பயம் என்று மனது எடுத்துக்கொள்ளும், வெளியிலேயே வந்துபோயிருந்தால் பழகின விஷயமாகிவிடும்.

எலக்ட்ரானிக் ஹோகு (அடி பட்டதைப் பதிவு செய்கிற உடம்புக் கவசம்) என்றால் சாக்ஸை ஒருமுறை குனிந்து பாருங்கள். சென்சார் புறங்காலில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால் "பட்"டென்று சத்தம் வருகிற மாதிரி அடித்தாலும் போர்டில் எண் ஏறாது. ஏறாததைப் பார்த்ததும் இன்னும் ஓங்கி அடிக்கத் தோன்றும், அப்புறம் கால் கனத்துவிடும். ஹோகு கயிற்றையும் இறுக்கமாகக் கட்டச் சொல்லுங்கள். தொளதொளவென்று இருந்தால் ஆட்டம் முழுக்க உங்கள் கவனம் அதில்தான் இருக்கும்.

கை சில்லிட்டுப் போவது, வாய் உலர்வது, திடீரென்று பாத்ரூம் போகத் தோன்றுவது, இதெல்லாம் எல்லோருக்கும் வரும். அதை நிறுத்தப் போராட வேண்டாம். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள், நாலைந்து முறை போதும்.

"சிஜாக்!"

நடுவர் இதை, அதாவது "ஆரம்பி" என்று, சொன்ன உடனே பாய்வது புதிதாக வருகிறவர்களின் முதல் தப்பு. நாற்பது விநாடியில் மொத்தப் பெட்ரோலும் தீர்ந்துவிடும். இரண்டாவது தப்பு அதற்கு நேர் எதிர், பின்னாலேயே போய்க்கொண்டிருப்பது. எண்கோண மேட்டில் பின்னால் இடம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு கால் கோட்டைத் தாண்டினாலே காம்ஜியோம். என் முதல் போட்டியில் எதிராளி என்னைத் தொடுவதற்கு முன்பே அவருக்கு இரண்டு பாயின்ட் கொடுத்திருந்தேன், இரண்டும் கோட்டைத் தாண்டியதற்கு.

ஆகவே முதலில் நடுவைப் பிடியுங்கள். கால் நுனியில் லேசாகத் துள்ளிக்கொண்டு, எதிராளியின் கால் எட்டுகிற தூரத்துக்கு ஒரு அரை அடி வெளியே நில்லுங்கள். அவர் நகர்ந்தால் நீங்களும் நகர்ந்து அதே தூரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கண் அவர் காலில் இருக்கக் கூடாது. நெஞ்சும் இடுப்பும் தெரிகிற மாதிரி வைத்தால் கால் தானாகத் தெரியும்.

உடம்பால் கேள்வி கேட்பது

இதுதான் முக்கியமான பகுதி, பொறுமையாகப் படியுங்கள். சும்மா நின்று பார்த்தால் எதிராளி எதையும் காட்ட மாட்டார். நீங்கள் எதையாவது செய்தால்தான் அவர் பதில் சொல்வார். முன்காலை வைத்து அரை ஸ்டெப் உள்ளே போய், தோளை லேசாகத் திருப்பி, கிக் வருகிற மாதிரி காட்டிவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பெரும்பாலும் நாலு பதிலில் ஒன்று வரும்.

நேராகப் பின்னால் போகிறார் என்றால் உங்களுக்கு நல்ல காலம். அடுத்த முறை அதே ஃபேக் காட்டி, அவர் பின்வாங்கும்போதே துரத்தி இரண்டு ரவுண்ட்ஹவுஸ் (பக்கவாட்டிலிருந்து வீசுகிற கிக்) அடுத்தடுத்து. முதலாவது எட்டாது, பரவாயில்லை, இரண்டாவதுதான் பாயின்ட்.

முன்காலைத் தூக்கித் தடுக்கிறார், அதாவது கட் கிக் போடுகிறார் என்றால் நேராக உள்ளே போகாதீர்கள், அந்தக் காலிலேயே போய் மோதுவீர்கள். அவர் கால் கீழே இறங்குகிற நொடிக்குக் காத்திருங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஒரு ஸ்டெப் எடுத்துப் போங்கள். காலைத் தூக்கியபடியே 3 விநாடிக்கு மேல் வழியை மறித்தால் அவருக்குத்தான் காம்ஜியோம்.

சுழன்று பேக் கிக் போடுகிறார் என்றால் அவரிடம் ஜாக்கிரதை, அவருக்கு அது 4 பாயின்ட். ஆனால் ஃபேக்கிலேயே அவர் சுழன்றுவிட்டார் என்பதைக் கவனித்தீர்களா? அடுத்த முறையும் காட்டுங்கள், சுழலட்டும், கால் வெறுமையாகப் போனதும் அவர் நிமிர்வதற்குள் அடியுங்கள்.

எதுவுமே செய்யாமல் மரம் மாதிரி நிற்கிறார். ஒன்று அவர் ரொம்பத் தேர்ந்தவர், இல்லையென்றால் உங்களைவிடப் பயந்திருக்கிறார். புதிதாக ஆடுகிறவர்கள் மத்தியில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஃபேக்கை நிறுத்திவிட்டு நிஜமாகவே அடித்துப் பாருங்கள்.

ஒரு பதிலை ஒரே தடவையில் நம்பிவிடாதீர்கள். இரண்டு முறை கேட்டு இரண்டு முறையும் அதே பதில் வந்தால் அது பழக்கம். பழக்கத்தைத்தான் அடிக்க முடியும்.

இந்த நேரத்திலேயே நிற்கிற விதத்தையும் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு இடது கால் முன்னால், அவருக்கு வலது கால் முன்னால் என்றால் இருவர் நெஞ்சும் ஒரே பக்கம் திறந்திருக்கும், உங்கள் பின்காலுக்கு நேராக அவர் வயிறு. இருவருக்கும் ஒரே கால் முன்னால் என்றால் உங்கள் முன்காலுக்குத்தான் அவர் வயிறு கிடைக்கும். இது தெரியாமல் முதுகுப்பக்கம் அடித்துவிட்டு ஏன் வயிற்றில் படவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு.

முதல் பாயின்ட்

தயவுசெய்து உடம்புக்கு எடுங்கள். முதல் கிக்கே தலைக்கு, அதுவும் சுழன்று என்று ஆசைப்படுவது புரிகிறது, ஆனால் தவறிக் கீழே விழுந்தால் அதுவும் காம்ஜியோம். எனக்குப் பிடித்தது முன்கால் ரவுண்ட்ஹவுஸ். அதிக வலு இல்லை, ஆனால் எதிராளிக்கு லேட்டாகத்தான் தெரியும். அடித்ததும் நின்று ஸ்கோர் போர்டைப் பார்க்காதீர்கள், எல்லோரும் செய்கிற தப்பு இது, எதிராளி பதிலுக்கு அடிப்பது சரியாக அந்த நொடியில்தான். ஒன்று வெளியே வந்துவிடுங்கள், இல்லை நெருங்கிப் போய் கிளின்ச்சில், அதாவது உடம்போடு உடம்பாக, ஒட்டிக்கொள்ளுங்கள். நடுத்தூரத்தில் மட்டும் நிற்கக் கூடாது.

2-0 முன்னிலை வந்ததும் மனது "காப்பாற்று" என்று சொல்லும், கால் தானாகப் பின்னால் போகும். அங்கேதான் கோடு காத்துக்கொண்டிருக்கிறது. ஃபேக்கை நிறுத்தாதீர்கள், அடிக்காவிட்டாலும் அடிக்கப்போகிற மாதிரியே இருங்கள். சண்டையைத் தவிர்த்து ஓடினாலும் காம்ஜியோம்தான், ஒரே ரவுண்டில் 5 சேர்ந்தால் ரவுண்டே போய்விடும்.

பின்தங்கினால்? பதறி மூன்று கிக் சேர்த்து அடிக்க வேண்டாம். போர்டில் எவ்வளவு நேரம் மீதி என்று நடுவர் "கால்யோ" சொல்லி ஆட்டத்தை நிறுத்தும்போது மட்டும் பாருங்கள். உங்கள் ஃபேக்குக்கு எதிராளி காட்டிய பதிலில் எதை இன்னும் பயன்படுத்தவில்லை என்று யோசியுங்கள்.

சமநிலையில் முடிகிற ரவுண்டில் முதலில் சுழல் கிக்கில் எடுத்த பாயின்ட் யாருக்கு அதிகம் என்று பார்ப்பார்கள், அதிலும் சமம் என்றால் தலை, உடம்பு, குத்து என்ற வரிசையில் உயர்ந்த அடி யாருடையது என்று பார்ப்பார்கள். 2-2 என்று நிற்கும்போது கடைசி 20 விநாடியில் யார் ரிஸ்க் எடுக்க வேண்டும் என்பது இதை வைத்துத்தான். கோச்சிடம் முன்பே பேசிவைத்தால் அவர் வெளியிலிருந்து ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவார்.

வகுப்பில் இதைப் பழக

பார்ட்னருடன் 30 விநாடி மட்டும் ஆடுங்கள், பாயின்ட் கிடையாது. அவர் மனதுக்குள் ஒரு பழக்கத்தை முடிவுசெய்துகொள்ளட்டும், உதாரணத்துக்கு ஃபேக் வந்தால் எப்போதும் முன்காலைத் தூக்குவது. நேரம் முடிந்ததும் அது என்ன என்று நீங்கள் சொல்ல வேண்டும். முதல் வாரம் பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொல்வீர்கள், நான் அப்படித்தான் சொன்னேன். சரியாக வர ஆரம்பித்ததும் 20 விநாடியாகக் குறையுங்கள். அப்புறம் இடம் மாற்றி, நீங்கள் ஒரு பழக்கத்தை ஒளித்துவைத்து ஆடுங்கள்.