குடல் பாக்டீரியாக்களுக்கு உணவிடுவது எப்படி?

ரத்தச் சர்க்கரையோ, ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்போ, இடுப்புச் சுற்றளவோ ஏறத் தொடங்கியதும் நாம் எதைக் குறைக்கலாம் என்றே யோசிக்கிறோம். உண்பதில் ஒரு பங்கு நமக்கு அல்ல, பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு உரியது என்பது நினைவுக்கு வருவதில்லை. 2016-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. மொத்த எடை சுமார் 200 கிராம்தான். அவற்றுக்கு வேண்டியதைக் கொடுத்து வளர்சிதை மாற்றத்தை, அதாவது உடல் உணவை ஆற்றலாக மாற்றிப் பயன்படுத்துவதை, சீராக வைக்க உதவும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் வேகவைத்த ஒரு பயற்றைப் பின்தொடர்ந்து பாருங்கள். உள்ளிருக்கும் மாவுச்சத்தின் பெரும்பகுதியை நம் நொதிகள் சிறுகுடலிலேயே சர்க்கரையாக உடைத்துவிடுகின்றன. தோலிலும் செல்சுவரிலும் உள்ள நார்ச்சத்தை உடைக்கும் நொதி நம்மிடம் இல்லாததால், அவை சில மணி நேரத்தில் பெருங்குடலைச் சென்றடைகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தைப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. இதே அமிலங்கள் குடல் சுவரின் எல் செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்கின்றன. அது இன்சுலின் சுரப்புக்கு உதவுவதுடன் பசியையும் தணிக்கிறது. இன்று நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் ஊசியாகப் போடப்படும் சில மருந்துகள் இந்த ஹார்மோனைப் போலவே செயல்படுபவை. ஆனால் உடலில் சுரப்பது சில நிமிடங்களில் சிதைந்துவிடும் என்பதால், பயறு அந்த ஊசிக்கு ஈடாகாது.

நார்ச்சத்து வராத குடலில் நடப்பதுதான் கவலைக்குரியது. பசித்த பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்து உண்பதை 2016-இல் எலிகளில் கண்டார்கள். கொழுப்பு மிகுந்த உணவு தரப்பட்ட எலிகளில், பாக்டீரியாவின் மேலுறைப் பொருளான லிப்போபாலிசாக்கரைடு ரத்தத்தில் கூடி, மெல்லிய அழற்சியையும், செல்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காத இன்சுலின் எதிர்ப்பையும் உண்டாக்குவதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. எலியில் கண்டதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், பாக்டீரியாக்களைப் பட்டினி போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

தொடங்கும் முன் மூன்று நாள்கள் உண்பது அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, நார்ச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம், அதுவும் உணவில் இயல்பாக இருப்பது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொட்டலத்தில் வாங்கும் உணவில் 100 கிராமுக்கு 6 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் நார்ச்சத்து மிகுந்தது எனக் கொள்ளலாம்.

குறை தெரிந்ததும் ஒரே நாளில் நிரப்பிவிட முயல்வதே பலரும் செய்யும் பிழை. இரண்டாம் நாளே வயிறு உப்பி, வாயு தொல்லை தந்து, முயற்சியையே கைவிடுகிறார்கள். வாயு நொதித்தலின் விளைபொருள். பாக்டீரியாக் கூட்டம் புதிய உணவுக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே வாரத்துக்குச் சுமார் 5 கிராம் என்ற அளவில், தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். உப்புசம் மிகுந்தால் அதே அளவில் இன்னொரு வாரம் நில்லுங்கள்.

அளவைப் போலவே வகையும் முக்கியம். ஓர் இனம் உண்ணும் நாரை இன்னோர் இனத்தால் உடைக்க முடியாது என்பதால், பயறு, முழுதானியம், கொட்டை, காய், பழம் என மாற்றி மாற்றி உண்ண வேண்டும். வேகவைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும்.

நொதித்த உணவையும் சேருங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 36 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தயிர் போன்ற நொதித்த உணவுகளை நிறைய உண்டவர்களின் குடல் பாக்டீரியாக்களின் பன்மை கூடியது, அழற்சிப் புரதங்கள் பல குறைந்தன. நொதித்த பின் சூடாக்கப்பட்டதிலும் சர்க்கரை சேர்த்ததிலும் இந்தப் பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

மாத்திரையாக பாக்டீரியாவை விழுங்கினால் போதாதா என்பார்கள். பாக்டீரியாவை நேரடியாகக் குடலில் செலுத்திய ஆய்வையே பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில், வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள ஆண்களுக்கு ஒல்லியான கொடையாளர்களின் மலத்திலிருந்து பாக்டீரியாக்களைச் செலுத்தியபோது, ஆறு வாரங்களில் இன்சுலின் ஏற்புத்திறன் கூடியது. 2017-இல் வெளியான தொடர் ஆய்விலோ 18-ஆம் வாரத்தில் அந்தப் பலன் மறைந்திருந்தது. குடியேற்றுவதைவிட நாள்தோறும் உணவிடுவதே பயன் தரும் என்று நான் நம்ப இதுவே காரணம். நலமான குடலுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் எதுவும் இல்லாத நிலையில், மலத்தை அனுப்பிப் பாக்டீரியாப் பட்டியல் பெறுவதும் வீண் செலவு.

குடல் பாக்டீரியாக்களையும் அழிக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக் மருந்தைச் சளி, காய்ச்சலுக்கெல்லாம் நாமாகவே வாங்கிப் போடக் கூடாது. மருத்துவர் தந்ததை இடையில் நிறுத்தவும் கூடாது.

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை தாழ்ந்தால் மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கும். குடல் அழற்சி நோயோ குடலில் அடைப்போ உள்ளவர்கள் தாமாக நார்ச்சத்தைக் கூட்டக் கூடாது. நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள் உயிருள்ள பாக்டீரியா மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும்.

பலனை அறிய மூன்று மாதம் பொறுங்கள். எச்பிஏ1சி பரிசோதனை காட்டுவதே அந்தக் காலத்தின் சராசரிச் சர்க்கரையைத்தான். அதனுடன் ட்ரைகிளிசரைடையும் பார்த்து, தொடக்கத்தில் எடுத்த முடிவுகளோடு ஒப்பிடுங்கள். இடுப்பை அளக்கும்போது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், வயிற்றை உள்ளிழுக்காமல் அளந்து, தேதியுடன் குறித்துவையுங்கள்.