சார்னோக்கைட்டின் கனிமங்களைக் கணினியால் பிரிக்க

பரங்கிமலை சார்னோக்கைட்டை வைத்தே சொல்கிறேன். 1893-இல் புவியியலாளர் ஹாலண்ட் பெயர் வைத்த பாறை. என் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும், ஒளி ஊடுருவும்படி மெலிதாகத் தேய்த்த பாறைச் சீவலான தின் செக்‌ஷனும் அதுதான்.

எல்லாரும் மென்பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது மைக்ராஸ்கோப்பில். கிராஸ்டு நிக்கலில் (ஸ்லைடின் கீழும் மேலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு போலரைசர்கள்) எடுத்த ஒற்றைப் படத்தில் கார்னெட்டும் கருப்பு, இல்மனைட்டும் கருப்பு, எக்ஸ்டிங்ஷனில், அதாவது ஒளி அணையும் கோணத்தில், நிற்கும் குவார்ட்ஸும் கருப்பு. கணினி எப்படிப் பிரிக்கும்?

அதனால் ஸ்லைடு வைக்கும் வட்ட மேடையான ஸ்டேஜைச் சுற்றிச் சுற்றி எடுங்கள். முதலில் ஸ்டேஜின் மையத்தைக் குறுக்குக்கோட்டோடு பொருத்துங்கள். கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். கிராஸ்டு நிக்கலில் 0 முதல் 75 டிகிரி வரை, 15 டிகிரிக்கு ஒன்றாக ஆறு படம். 90-இல் அதே நிறங்கள் திரும்பிவிடும். மேல் போலரைசரான அனலைசரை எடுத்துவிட்டு, அதாவது சாதாரண ஒளியில், 0, 45, 90, 135 டிகிரிகளில் நான்கு.

பிறகு ஃபிஜி என்ற படச்செயலாக்க மென்பொருள். இலவசம்தான். ஒவ்வொரு படத்தையும் அதே டிகிரிக்குத் திருப்பி நேராக்கி, எல்லாவற்றுக்கும் பொதுவான நடுவட்டத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கிராஸ்டு படங்களை 8-பிட் ஆக்கி அடுக்கி, அடுக்கை ஒரே படமாக்கும் இசட் புராஜெக்டில் ஒவ்வொரு புள்ளியின் அதிகபட்ச ஒளியை எடுங்கள்: இது ஒரு சேனல். சாதாரண ஒளிப் படங்களின் சராசரி இரண்டாவது. அதே படங்களின் சிவப்புச் சேனலில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது. ஸ்டேஜ் சுழலும்போது இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். மூன்றையும் ஒரே வண்ணப்படமாக இணைத்துப் பார்த்தால் கார்னெட், இல்மனைட், குவார்ட்ஸ் மூன்றும் மூன்று நிறத்தில் நிற்கும். எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் காட்சி இது.

அந்தப் படத்தை, நாம் போடும் குறிகளிலிருந்து கற்றுக்கொண்டு படத்தைப் பிரிக்கும் ஃபிஜியின் டிரெய்னபிள் வெக்கா செக்மென்டேஷனில் திறந்து, கனிமத்துக்கு ஒரு வகுப்பு வைத்து, மணிகளின் நடுவில் மட்டுமல்ல, ஓரங்களிலும் விரிசல்களிலும் குறி போடுங்கள். இரட்டைப்படிகக் கோடு இல்லாத ஃபெல்ட்ஸ்பாரைக் குவார்ட்ஸிலிருந்து இந்த முறை பிரிக்காது. இரண்டையும் ஒரே வகுப்பில் போடுவதே நேர்மை. மேக்னடைட்டா இல்மனைட்டா என்பதற்குப் பிரதிபலிப்பு ஒளி வேண்டும்.

பயிற்றிய அதே ஸ்லைடில் சோதிக்காதீர்கள். வேறொரு கல்லிலிருந்து வெட்டிய ஸ்லைடை எடுத்து, கையால் 300 புள்ளிக்குக் குறையாமல் பாயின்ட் கவுன்ட் செய்து (ஒவ்வொரு புள்ளியிலும் எந்தக் கனிமம் என்று எண்ணி), சதவீதங்களைக் கனிமவாரியாக ஒப்பிடுங்கள். ஹைப்பர்ஸ்தீன் மட்டும் குறைந்தால் முதலில் ஸ்லைடின் தடிமனைப் பாருங்கள்: 0.03 மி.மீ.-ஐவிட மெலிந்திருந்தால் அதன் நிறமாற்றம் மங்கிவிடும்.