விளையாட்டும் கதையும் சேர்ந்த உடற்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்முன் மெய்நிகர் உலகைக் காட்டும் விஆர் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, பறந்துவரும் கட்டைகளை வெட்டித் தள்ளும்போது நேரம் போவதே தெரியாது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மனம் ஆட்டத்தில் லயித்திருந்தால் உடல் படும் பாடு அவ்வளவாக உறைக்காது. முதல் நாளே முக்கால் மணி நேரம் ஆடிவிட்டு, மறுநாள் காலை தலைசீவக் கையைத் தூக்க முடியாமல் தவித்திருக்கிறேன். முதல் வாரம் 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். ஆசை தீருமுன் கழற்றிவிடுங்கள். மிச்சமிருக்கும் ஆசை மறுநாள் உங்களைத் தானாக இழுத்துவரும்.

எடுத்த எடுப்பில் கார் பந்தயம், ரோலர் கோஸ்டர் பக்கம் போகவே வேண்டாம். நீங்கள் வேகமாகப் போவதாகக் கண் சொல்கிறது. உடல் நகரவே இல்லை என்கிறது உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு. இந்த முரண்தான் தலைசுற்றலையும் குமட்டலையும் கொண்டுவருகிறது. நீங்கள் நின்ற இடத்தில் நிற்க, பொருள்கள் உங்களை நோக்கி வரும் ஆட்டங்களில் இந்தத் தொல்லை குறைவு. லேசாகக் குமட்டினாலும் அன்றைக்கு அத்தோடு சரி. பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். அப்புறம், ஆடும் முன் இரு கைகளையும் விரித்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மேசை முனையில் விரல் இடித்தால் வலி உயிர் போகும்.

புதுமையை மட்டும் நம்புவதும் தவறு. 2016இல், வெளியே நடந்தபடி கைபேசியில் ஆடும் போக்கிமான் கோ விளையாட்டு வந்தபோது நடத்திய ஆய்வு ஒன்றில், அதை ஆடியவர்கள் முதல் வாரம் நாளுக்குச் சராசரியாக 955 காலடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு விளையாட்டு சலிக்கும் முன்பே அடுத்ததைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், காதில் ஓடும் ஒரு கதையே போதும் என்பது என் அனுபவம். ஆனால் நடக்கும்போது கேட்ட அதே கதையைப் படுக்கையிலும் கேட்டால் நடப்பதற்கான தூண்டுதல் போய்விடும். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஜிம்மில் மட்டுமே கேட்க முடிகிற ஒலிநூல்களைப் பெற்றவர்கள், தொடக்கத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தார்கள். நீண்ட விடுமுறை குறுக்கிட்டதும் அந்த வேகம் தணிந்தது. நானும் கதையை நடைக்கென்றே ஒதுக்கினேன். ஒருநாள், கதையில் கதவைத் தட்டியது யார் என்று தெரியும் முன் வீட்டு வாசல் வந்துவிட்டது. திரும்பி இன்னொரு சுற்று நடந்தேன். சாலையில் நடப்பவர்கள் ஒரு காதையாவது திறந்தே வையுங்கள்.

கடைசியாக, திரையில் ஏறும் கலோரிக் கணக்கைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அது வெறும் தோராயம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு, 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல ஆட்டங்களில் கைகள்தான் பறக்கின்றன. கால்கள் ஊன்றிய இடத்திலேயே நிற்கின்றன. ஹெட்செட்டைக் கழற்றியதும் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள்.