ஆறு ஆசிரியர்கள், ஒரு டெலிகிராம் குழு: தொடங்குவது எப்படி?

நான் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது மதியச் சாப்பாட்டு நேரப் பேச்சுதான். அந்தப் பேச்சு அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாமே என்றுதான் இணையத்தில் ஒரு குழு தொடங்கினோம்.

1. ஆட்கள்

ஒரே வகுப்பு எடுக்கும் ஐந்தாறு பேர் போதும். ஐந்நூறு பேர் இருக்கும் இடத்தில் "என் வகுப்பில் கழித்தல் ஏறவே இல்லை" என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மேலதிகாரிகள் இருந்தாலும் அப்படித்தான்.

2. செயலி

என் தேர்வு டெலிகிராம். குழு அமைப்பில் 'டாபிக்ஸ்' வசதியைத் திறந்து கணக்கு, தமிழ், சுற்றறிக்கை என்று தனித்தனித் தலைப்பு வையுங்கள். சுற்றறிக்கைக்குத் தனி இடம் இல்லையென்றால் கணக்குக் கேள்வி அதற்கடியில் புதைந்துவிடும். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய பதிவுகள் தெரியும்படியும் மாற்றிவிடுங்கள்.

3. முதல் கேள்வி

நான் தடுமாறியது இங்கேதான். முதல் இரண்டு மாதம் குழுவில் காலை வணக்கமும் பிடிஎஃப் கோப்புகளும்தான் வந்தன. "இடமதிப்பை எப்படி நடத்துகிறீர்கள்?" என்று கேட்டேன். நான்கு வீடியோ இணைப்புகள் வந்தன. என் வகுப்பில் இடமதிப்பில் தடுமாறிய ஒரு பையனுக்கு எதுவும் உதவவில்லை.

அப்புறம் ஒருநாள் அவன் நோட்டைப் படமெடுத்துப் போட்டேன். நூற்றைந்து எழுதச் சொன்னதற்கு 1005 என்று எழுதியிருந்தான். அன்று மாலையே ஒரு டீச்சர், "இருநூற்று நாற்பதை எப்படி எழுதுகிறான், பாருங்கள்" என்றார். மறுநாள் கேட்டேன்: 20040. காதில் விழுவதை அப்படியே எழுதுகிறான்! முதலில் 200, பக்கத்தில் 40. கவனக்குறைவு என்று நான் நினைத்திருந்ததில் ஓர் ஒழுங்கு இருந்தது.

இன்னொரு சார் அட்டை முறையைச் சொன்னார். 200 என்று நீள அட்டை, 40 என்று அதைவிடச் சின்ன அட்டை. வலது ஓரம் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் 240 தெரியும். தூக்கிப் பார்த்தால் அடியில் 200 முழுசாக இருக்கும். 240 சரியாகிவிட்டது. ஆனால் அட்டையை எடுத்ததும் நூற்றைந்து மறுபடி 1005 ஆனது. அதையும் குழுவில் எழுதினேன். நூறு, பத்து, ஒன்று என மூன்று கட்டம் போட்டு, நடுக்கட்டத்தில் "பத்து இல்லை" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே 0 எழுத வைக்கச் சொன்னார்கள். அது பிடித்துக்கொண்டது.

இப்போது எங்கள் கேள்விகளுக்கு மூன்றே வரி: நான் என்ன சொன்னேன், குழந்தை என்ன எழுதியது, அதற்குப் பிறகு என்ன செய்து பார்த்தேன். கூடவே நோட்டுப் படம். முதல் கேள்வியைக் குழு தொடங்கியவரே போட வேண்டும். தன் வகுப்பில் சரிவராததை அவர் சொன்னால்தான் மற்றவர்களும் சொல்வார்கள்.

4. மாதம் ஒருமுறை வீடியோவில் முகம் பார்த்து

கூகுள் மீட் போதும். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசக் கணக்கில் 60 நிமிடம் கிடைக்கும். ஒருவர், ஒரே ஒரு பாடவேளையைப் பற்றிப் பேசட்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் குழந்தைகளைக் கவனித்துப் பிறகு விவாதிக்கும் வழக்கம் உண்டு. 'ஜுக்யோ கென்க்யூ' என்பார்கள். அடுத்தவர் வகுப்பில் போய் உட்கார எங்களுக்கு வழியில்லை. அதனால் திட்டமிடுவதையும் விவாதிப்பதையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இரண்டு டீச்சர்கள், தங்கள் கைபேசி எண் எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டார்கள். டெலிகிராமில் தனியுரிமை அமைப்புக்குப் போய், எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். உங்கள் எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது தெரியும். நோட்டுப் படத்தில் குழந்தையின் பெயர், முகம், பள்ளி முத்திரை எதுவும் வரக்கூடாது. கணக்கு இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்கள்.