வீட்டுக்கல்வி ஆய்வுகளை எப்படி வாசிப்பது? திருக்கோணமலைப் பெற்றோருக்கு

பிள்ளையைப் பாடசாலையால் நிறுத்தி வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா என்று யோசிப்பவர்கள் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது, "வீட்டில் படிக்கும் பிள்ளைகள் 70 முதல் 80ஆம் சதமணையில் நிற்கிறார்கள்" என்ற வரிதான். இந்த எண்ணை நம்பி விடுகைப் பத்திரம் எடுக்கப் போகுமுன் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சதமணை என்பது பரீட்சைப் புள்ளி அல்ல. 75ஆம் சதமணை என்றால் 100க்கு 75 எடுத்தார் என்று பொருள் இல்லை. அதே பரீட்சை எழுதிய 100 பேரில் ஏறக்குறைய 75 பேருக்கு மேலே நிற்கிறார் என்றே பொருள். அந்த 100 பேர் யார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

மேற்சொன்ன எண் லோரன்ஸ் ரட்னர் 1999இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. மாதிரியில் 20,760 மாணவர்கள் இருந்தார்கள். எண்ணிக்கை பெரிதென்று மயங்க வேண்டாம். ஒரு தனியார் பரீட்சைச் சேவையில் தாமாகப் பணம் கட்டிச் சேர்ந்திருந்த குடும்பங்கள் அவை. பெற்றோரில் 88 வீதமானோர் உயர்நிலைப் பள்ளிக்கு மேலும் படித்தவர்கள். நாட்டுச் சராசரி அப்போது 50 வீதம். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது வீட்டுக்கல்விக்காக வாதாடும் ஓர் அமைப்பு. வீட்டுக்கல்வி மேலானது என்று இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என ரட்னரே எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் யாரும் பகிர்வதில்லை. உவர்மலையில் தாயும் தகப்பனும் பட்டதாரிகளாக உள்ள 20 வீட்டுப் பிள்ளைகளின் புள்ளியை எடுத்து, மூதூர், குச்சவெளி உட்பட மாவட்டம் முழுவதன் சராசரியோடு ஒப்பிட்டால் எது தெரியும்? படிப்பித்த முறை தெரியாது, குடும்பம்தான் தெரியும்.

ஆகவே எந்த ஆய்வு கையில் கிடைத்தாலும் சுருக்கத்தை விட்டுவிட்டு, ஆய்வு முறை என்ற பகுதியை முதலில் திறவுங்கள். பிள்ளைகள் எப்படித் தெரிவானார்கள், பரீட்சையை யார் நடத்தினார்கள், எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள், பெற்றோரின் கல்வியும் வருமானமும் கணக்கில் எடுக்கப்பட்டனவா, பணம் யாருடையது என்று தேடுங்கள். தாயே மேற்பார்வை செய்த பரீட்சையென்றால் புள்ளி சற்று ஊதியிருக்கலாம். ஆய்வுகள் ஆங்கிலத்தில்தான் உள்ளன. கூகுள் ஸ்கொலரிலும், அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் எரிக் தரவுத்தளத்திலும் இலவசமாகத் தேடலாம்.

முறையாகச் செய்யப்பட்ட சிறிய ஆய்வு ஒன்று கனடாவில் 2011இல் வந்தது. மார்ட்டின்-சாங் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் 5 முதல் 10 வயது வரையான 37 வீட்டுக்கல்விப் பிள்ளைகளையும் 37 பாடசாலைப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். பாடத்திட்டம் வைத்து ஒழுங்காகப் படித்த 25 பேர் பாடசாலைப் பிள்ளைகளை விட நன்றாகச் செய்தார்கள். "பிள்ளை தானாகப் படிக்கும்" என்று விடப்பட்ட 12 பேர் எல்லோருக்கும் பின்னால் நின்றார்கள். 12 பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனாலும் வீட்டுக்கல்வி என்ற ஒரே பெயரின் கீழ் முற்றிலும் வேறான இரண்டு விடயங்கள் கிடக்கின்றன என்பது இதில் தெளிவாகிறது.

குன்ஸ்மனும் கெய்தரும் 2013இல் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, குடும்பப் பின்னணியைக் கழித்துவிட்டால் வீட்டுக்கல்வியின் விளைவு பெரிதாக இல்லை என்றே கண்டார்கள்: மொழியில் ஓரளவு சாதகம், கணிதத்தில் ஓரளவு பாதகம். நமக்கு முக்கியம் இந்தக் கணிதம். வாசிப்பு வீட்டுப் பேச்சிலும் புத்தகத்திலும் வளரும். பின்னமும் அட்சரகணிதமும் ஒழுங்கான பயிற்சி இல்லாமல் வராது. க.பொ.த. சாதாரண தரத்திலோ கணிதம் கட்டாய பாடம்.

எனவே வீட்டில் கற்பிக்கத் தொடங்குவதானால் கணிதத்துக்குக் காலையில் 45 நிமிடத்தைத் தினமும் ஒதுக்கி, அரச பாடநூலின் அலகு வரிசையிலேயே போங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நூல்கள் இலவசம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அந்த வகுப்பின் பழைய தவணைப் பரீட்சைத் தாளில் முடித்த அலகுகளுக்குரிய கேள்விகளைக் கொடுத்து நேரம் வைத்து எழுதவிடுங்கள். மேற்பார்வையும் திருத்தமும் உங்கள் கையில் இருக்கக் கூடாது. தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். இரண்டு தாள்களில் தொடர்ந்து ஒரே அலகில் புள்ளி விழுந்தால் புதிய அலகுக்குப் போகாதீர்கள்.

"பிள்ளை யாரோடு பழகும்?" என்ற கேள்விக்கு ஆய்வுகள் பயமுறுத்தும் பதில் தரவில்லை. 1992இல் லாரி ஷையர்ஸ், எந்தப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று தெரியாத அவதானிப்பாளர்களை வைத்துப் பார்த்தபோது வீட்டுக்கல்விப் பிள்ளைகளிடம் பிரச்சினை நடத்தைகள் குறைவாகவே இருந்தன. ஆனால் அது 8 முதல் 10 வயது அமெரிக்கப் பிள்ளைகள். திருக்கோணமலையில் பாடசாலைகள் பெரும்பாலும் மொழி, சமயம் வாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன. பள்ளிக்கூடம் போனாலே எல்லாச் சமூகத்தோடும் பழகிவிடும் என்ற எடுகோளும் இங்கே தானாகப் பொருந்தாது. வீட்டில் படிப்பதானால் சிங்களத்தை யாரிடம், வாரத்தில் எத்தனை மணித்தியாலம் கற்கும் என்பதை அட்டவணையில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. இலங்கையில் 2016 முதல் கட்டாயக் கல்வி வயது 5 தொடக்கம் 16 வரை. ஆகவே பெயரை வெட்டுவதற்கு முன், உங்கள் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். அதில் பிள்ளையின் வகுப்பு, நிறுத்த விரும்பும் காரணம், வீட்டுப் பாடத்திட்டம், தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரத்துக்குத் தோற்றுவதற்கான நிபந்தனைகள் பற்றிய கேள்வி ஆகிய நான்கும் இருக்கட்டும். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள்; வாய்ச்சொல்லாகக் கிடைத்த அனுமதியை, அலுவலர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு காட்ட வழியில்லை.